கணேசமூர்த்தைட்: பெயர்க் காரணம்

சைதாப்பேட்டை துரைராஜ் முப்பத்தோரு வருஷம் கல் தேய்த்தவர். உடனே மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவருடைய சொந்த மச்சானே அப்படித்தான் நினைத்து, தன் வீட்டுக் கூடத்தைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி ஒருமுறை ஆள் அனுப்பினார். துரைராஜ் தேய்த்தது அடையாறில் ஒரு கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மெண்டில். பாறையிலிருந்து ஒரு சில்லை வெட்டி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தண்ணீரும் கார்போரண்டம் பொடியும் போட்டு, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாகும்வரை கையால் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை முப்பத்துமூன்று பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் கணக்கு. அதைவிடத் தடித்திருந்தால் மைக்ராஸ்கோப் பொய் சொல்லும். அதைவிட மெலிந்தால் கல்லே காணாமல் போய்விடும். இந்த வேலைக்கென்று ஜெர்மனியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. வந்த வருஷமே அது படுத்துக்கொண்டது. துரைராஜ் ஒரு நாளும் படுக்கவில்லை.

பதிவேட்டில் அவர் ஆய்வக உதவியாளர். பேராசிரியர்கள் வாயில் ‘டேய் துரை’. வயசு ஐம்பதைத் தாண்டியபிறகு அதில் ‘டேய்’ மட்டும் உதிர்ந்தது. அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிகளை வைத்து நாற்பது பேருக்கு மேல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் நன்றி நவில்வார்கள். நெறியாளருக்கு ஒரு பத்தி, பெற்றோருக்கு ஒரு பத்தி, கடவுளுக்கு இரண்டு வரி. கடைசியில், டைப் அடித்த கடைக்காரருக்கு முன்னாலோ பின்னாலோ, ‘ஆய்வக ஊழியர்களுக்கும்’ என்று ஒரு சொல் கிடக்கும். அந்தச் சொல்லுக்குள் தான் இருப்பதாக துரைராஜ் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். பெயர் என்று எங்கும் அச்சானதில்லை.

கல் உலகத்தில் பெயர் என்பது அப்படித்தான் போய்ச் சேரும். பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு உலகப் புத்தகங்களில் சார்னோக்கைட் என்று பெயர். சார்னோக் பல்லாவரத்துக்காரர் இல்லை. கல்கத்தாவில் அடக்கமான வெள்ளைக்காரர். அவர் சமாதியின்மேல் போட்டிருந்த பலகை நம் ஊர்ப் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த இன்னொரு வெள்ளைக்காரர், கல் பிறந்த ஊரை விட்டுவிட்டு, கல்லுக்கு அடியில் படுத்திருந்தவர் பெயரை அதற்குச் சூட்டினார். சார்னோக் செய்த ஒரே உதவி, செத்துப்போய் அந்தக் கல்லின் கீழ் படுத்ததுதான். அந்தக் கல்லை வெட்டியவன் பெயர், சுமந்தவன் பெயர், அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்லூரியில் வருஷாவருஷம் முதல் வகுப்பில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவர் பேராசிரியர் கணேசமூர்த்தி.

கணேசமூர்த்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பக்கத்தில் சொந்த பிளாட். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் கல்லூரியில் தன் அறையைக் காலி செய்யாதவர். மேசை முழுக்கக் கேடயங்கள், சுவர் முழுக்கப் பொன்னாடை வாங்கும் படங்கள். ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப மாட்டியிருக்கிறாரோ என்று தோன்றும்; கிட்டப் போய்ப் பார்த்தால் போர்த்துகிறவர் மட்டும் மாறியிருப்பார். அவருக்கு இல்லாத விருது இல்லை. ஆனால் தன் பெயர் உலகப் புத்தகத்தில் ஏறவில்லை என்ற குறை மட்டும் மனுஷரை அரித்துக்கொண்டே இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்பு தி. நகரில், மாம்பலத்துப் பக்கம், சுரங்க ரயிலுக்காகத் தரையைத் துளைத்துப் பார்த்தார்கள். உள்ளிருந்து வந்த பாறைக் குச்சிகளில் சில கல்லூரிக்கு வந்தன. ஒரு திங்கட்கிழமை காலை அதில் ஒரு சில்லை துரைராஜ் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பலகையில் பொடி அரைபடும் சத்தம் அவருக்கு அத்துப்படி. அன்று அந்தச் சத்தத்துக்கு நடுவே ஏதோ ஒன்று கீறியது. பொடியில் தூசி விழுந்துவிட்டதென்று கழுவிப் புதுப் பொடி போட்டார். மறுபடியும் கீறியது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் சரியான கனத்துக்கு வந்து சாம்பல் நிறத்தில் அடங்கியிருக்க, கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மணி மட்டும் நீலமாக முறைத்துக்கொண்டிருந்தது. பதினோராயிரம் கண்ணாடி பார்த்த கண்ணுக்கு அந்த நீலம் புதுசு. உடம்பு சிலிர்த்துப்போயிற்று என்று அவரே பிற்பாடு சொன்னார்.

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கணேசமூர்த்தியிடம் ஓடினார்.

“சார், இத்த கொஞ்சம் பாருங்க சார். ஒரு மணி மட்டும் கீறுது. நீலமா கீது. இந்த மாறி நான் பார்த்ததே இல்ல.”

கணேசமூர்த்தி கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மைக்ராஸ்கோப் பக்கம் போகவில்லை. “ஒழுங்கா தேய்க்கலைன்னா இப்படித்தான் இருக்கும். வயசாச்சு துரை, கை நடுங்குது உனக்கு. தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு பண்ணு” என்றார்.

துரைராஜ் தூக்கிப் போடவில்லை. மனசு கேட்கவில்லை. கண்ணாடியை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூடி, மேலே தேதி போட்டு, தன் பீரோவில் வைத்தார். வீட்டுக்குப் போய் மனைவி தேவானையிடமும் சொன்னார். தேவானை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்பவள். “தோ பார்றா, புச்சா ஒன்னு கண்டுகினாராம்! உள்ளங்கையில வெக்கிற அளவுக்காவது கீதா?” என்று கேட்டாள். கண்ணுக்கே தெரியாது என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைக்கீரைக் கட்டை உதறிக்கொண்டே சிரித்தாள்.

மூன்று வருஷம் கழித்து, ஹைதராபாதில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குச் சில கண்ணாடிகள் போகவேண்டியிருந்தது. அந்தத் தீப்பெட்டியையும் துரைராஜ் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார்கள். அங்கே வேலை பார்க்கும் சிம்ரா என்ற பெண், தேனாம்பேட்டையில் வளர்ந்தவள், அந்த நீல மணியை மெஷினில் வைத்து அலசிவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதினாள்: இது உலகத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத கனிமம். கண்டெடுத்தவர் யார்? பெயர் வைக்க வேண்டும்.

அந்தக் கடிதம் வந்த நாளில் கணேசமூர்த்திக்கு ஞாபகசக்தி பெருகிவிட்டது. “அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம் துரை. அதான் பத்திரமா வைன்னு உன்கிட்ட சொன்னேன்” என்றார்.

துரைராஜ் தலையாட்டினார். முப்பத்தோரு வருஷமாக ஆடிப் பழகிய தலை.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. புதுக் கனிமத்துக்குப் பெயர் வைக்க உலக அளவில் ஒரு குழு உண்டு. விண்ணப்பம் போட்டால் வாக்கெடுத்துச் சொல்வார்கள். அதன் விதிகளில் ஒன்று: கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. வேறொருவர் பெயரை வைக்கலாம், அவர் உயிரோடிருந்தால் சம்மதக் கடிதம் வேண்டும். கணேசமூர்த்தி இந்த விதியை இரண்டு நாள் படித்தார், மூன்றாம் நாள் அவருக்கு வழி பிறந்தது. கண்டுபிடித்தவராகத் தான் இருந்தால்தானே சிக்கல்? வேறொருவர் கண்டுபிடித்ததாக இருக்கட்டும். அவர் பார்த்து, நன்றியுணர்ச்சி தாங்காமல், கணேசமூர்த்தி பெயரை வைக்கட்டும். சொன்னதைச் செய்கிற, எதிர்த்துப் பேசத் தெரியாத, மறுபடி வந்து பங்கு கேட்காத ஒரு கண்டுபிடிப்பாளர் வேண்டும். அப்படி ஒருவர் பக்கத்து அறையிலேயே ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

மயிலாப்பூர் பிளாட்டுக்கு துரைராஜை வரச்சொன்னார். அதுவரை அந்த வீட்டுக்கு அவர் போனதெல்லாம் புத்தக மூட்டை தூக்கிக்கொண்டுதான். இந்த முறை சோபாவில் உட்காரச் சொன்னார்கள். டபரா டம்ளரில் காபி வந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று துரைராஜுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

“கண்டுபிடித்தவர்னு உன் பேரைப் போட்டிருக்கேன் துரை. உனக்காகத்தான். ரிடையர் ஆகப்போற, ஏதாவது செய்யணும்னு தோணிச்சு. பதிலுக்கு என் பேரை வைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். அதை நீயா சொல்லணும்.”

“உங்க பேரே வெச்சிடலாம் சார்.”

“பாத்தியா, உனக்கே தோணறது” என்று கணேசமூர்த்தி கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார், அவர் சொன்னதை அவரே நம்பிவிடுவார், அதுதான் அவரிடம் இருந்த பெரிய வசதி.

துரைராஜுக்கு வருத்தமில்லை. கல்லுக்கு யார் பெயர் வைத்தால் என்ன? விண்ணப்பத்தில் முதல் வரியில், கண்டவர்: எஸ். துரைராஜ் என்று அடித்திருந்தது. அந்த வரியை அவர் நான்கு முறை படித்தார். அந்த ஒரு வரி போதும் அவருக்கு. அது அச்சாகி வர வேண்டும், அதை தேவானையிடம் காட்ட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

பெயர் முடிவாயிற்று: கணேசமூர்த்தைட். இனி எழுத்துக்கூட்டல். உலகப் புத்தகத்தில் ஏறப்போகிற பெயரை எண் கணிதம் பார்க்காமல் விடலாமா? தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த எண்கணித நிபுணரிடம் இரண்டு பேரும் போனார்கள். நிபுணர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டினார், உதட்டைப் பிதுக்கினார். இந்தக் கூட்டெண்ணில் கல்லுக்கு ஆயுசு இல்லை என்றார். நூறு கோடி வருஷமாகப் பூமிக்கடியில் இருந்த கல் அது. நடுவில் ஒரு ‘ஏ’வும் கடைசியில் ஒரு ‘ஹெச்’சும் சேர்த்தால் கொடிகட்டிப் பறக்கும் என்றார்.

சிம்ரா போனில் மறுத்தாள். ஒருவர் பெயரை வைப்பதானால் அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் வைக்க வேண்டுமாம். வேறு யாராக இருந்தாலும் அந்த இரண்டு எழுத்தைக் கைவிட்டிருப்பார்கள். கணேசமூர்த்தி அரசிதழில் அறிவிப்புக் கொடுத்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்டார். எழுபது வயசில், பாங்கு, பாஸ்போர்ட், பென்ஷன், கேஸ் கனெக்‌ஷன் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். உலகத்தில் கல்லுக்கு மனுஷன் பெயரை வைத்திருக்கிறார்கள். கல்லுக்காகத் தன் பெயரை மாற்றிக்கொண்ட மனுஷன் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அடுத்தது உச்சரிப்பு. இத்தாலிக்காரரும் ஜப்பான்காரரும் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக்காட்ட ஒலிப்பதிவு வேண்டும் என்று கணேசமூர்த்தியே முடிவு செய்துகொண்டார். யாரும் கேட்கவில்லை. கண்டுபிடித்தவர் குரலில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று துரைராஜை போன் முன்னால் நிறுத்தினார்.

“கணேசமூர்த்தைட்டு” என்றார் துரைராஜ்.

“டு வேண்டாம். தைட். அங்கேயே நிறுத்து.”

“கணேசமூர்த்தைட்ட்...டு.”

“நாக்கை மேல ஒட்டி வெச்சுக்கோ. இறக்காதே.”

மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது தடவை ஆயிற்று. கடைசியில் கணேசமூர்த்தி தானே பேசிப் பதிந்து அனுப்பினார். இத்தாலிக்காரர் அதைக் கேட்டாரா என்று தகவல் இல்லை.

குழுவுக்கு இன்னொரு விதியும் இருந்தது. வாக்கெடுப்பு முடியும்வரை பெயரை வெளியே மூச்சுவிடக் கூடாது. உலகத்தில் எல்லோராலும் காப்பாற்ற முடிகிற விதிதான். ஆனால் மயிலாப்பூரில் ஒருவருக்கு எழுபது வயசு நிறைந்து, பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று இருந்து, அதற்கு ஒரு செயலாளரும் இருந்துவிட்டால், பாராட்டு விழாவை யார் தடுக்க முடியும்? முடிவு வந்தபிறகு விழா எடுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சபா காலியாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

வாசலில் பிளெக்ஸ். ‘உலகக் கனிமத்தைக் கண்டெடுத்த கனிமச் செம்மலே வருக!’ உள்ளே தொண்ணூறு பக்கத்துக்கு மலர்; அதில் அறுபது பக்கம் நகைக்கடை, கேட்டரிங் விளம்பரம். மீதிப் பக்கங்களில் கணேசமூர்த்தைட்டைக் கணேசமூர்த்தி எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஏழு பேர் ஏழு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் இதை வெண்பாவாகவே பாடியிருந்தார். தளை தட்டியது, ஆனால் கல் விஷயத்தில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

துரைராஜ் தேவானையை அழைத்துக்கொண்டு போயிருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் புடவையை அவள் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் கணேசமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

“அன்னிக்கு ஒரு திங்கட்கிழமை காலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கிறேன். எல்லாம் சாம்பல். நடுவில் ஒரே ஒரு நீலம்! முறைச்சுப் பார்க்கிறது என்னை. உடம்பு சிலிர்த்துப்போச்சு எனக்கு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. துரைராஜ் தட்டவில்லை. அது அவருடைய திங்கட்கிழமை. அந்தச் சிலிர்ப்பும் அவருடையது. ஹைதராபாத் கடிதம் வந்தபிறகு கணேசமூர்த்தி கேட்டார் என்று வார்த்தை வார்த்தையாக அவர்தான் சொல்லியிருந்தார். சொல்லும்போது ரொம்ப சந்தோஷமாக வேறு இருந்தது.

முடிவில் ‘உறுதுணையாக இருந்த ஊழியர்’ என்று அவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடைகள் தீர்ந்துபோயிருந்தன. செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தினார்.

விழா முடிந்து மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் நின்று பஸ் ஏறினார்கள். தேவானை ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டின் கரையைத் தடவிப் பார்த்தாள்.

“நல்ல துண்டுதான்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நீ கண்டுகினேன்னு சொன்ன? அவரு கண்டுகினேன்றாரு?” என்றாள்.

“நான்தான் கண்டுகினேன்.”

“மைக்ல சொல்றாருய்யா அம்மாம் பெரிய மனுசன். அத்தினி பேரு முன்னால பொய் சொல்வாரா?”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மைக்கில் ஒருவர் பொய் சொல்லலாம் என்று நிஜமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. துரைராஜ் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தார். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரை ஒன்றுமில்லாதவராக நடத்தியிருக்கிறார்கள், அதெல்லாம் வலிக்கவில்லை. இது வலித்தது. சைதாப்பேட்டை வருவதற்குள், ஒருவேளை சார்தான் முதலில் பார்த்தாரோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, அது இன்னும் வலித்தது.

மலரைச் சங்கத்துக்காரர்கள் இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். யாரோ அதை மொழிபெயர்த்துக் குழுவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பத்தே நாளில் உலகக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. கணேசமூர்த்திக்கு இல்லை, விண்ணப்பித்தவர் எஸ். துரைராஜ் ஆயிற்றே, அவருக்கு. சிம்ரா போனில் படித்துத் தமிழில் சொன்னாள்.

“அங்கிள், நிதானமா கேளுங்க. பேரை முன்னாடியே வெளியே விட்டதுக்குத் திட்டியிருக்காங்க, அது போகட்டும். ஒரு விழா மலர்ல கணேசமூர்த்தி சார்தான் கண்டுபிடிச்சார்னு போட்டிருக்கு. அது உண்மைன்னா அவர் பேரை வைக்க முடியாது, விதி இடம் கொடுக்காது. நீங்க கண்டுபிடிச்சதா சொன்னதும் பொய்யாயிடும், உங்க பேரும் போயிடும். உண்மை இல்லைன்னா, இதுல எனக்கு ஒரு பங்கும் இல்லைன்னு அவர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தரணும். அப்புறம் பெயர்க் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ஏன் இவர் பேரு வைக்கறீங்கன்னு நீங்களே உங்க வார்த்தையில எழுதணும். முன்னாடி எழுதினது போதாதாம். பதினஞ்சு நாள் டைம்.”

“முன்னாடி இன்னாம்மா எழுதியிருந்திச்சு?”

“‘வாழ்நாள் சேவைக்காக’ன்னு. சார் எழுதிக் கொடுத்தது.”

துரைராஜ் மூன்று நாள் யோசித்தார். சார்தான் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடலாமா என்று முதல் நாள் நினைத்தார். அப்படி எழுதுவது சுலபம், முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். எழுதினால் அந்த ஒரு வரி போய்விடும். கண்டவர்: எஸ். துரைராஜ். அது போனால் அந்தத் திங்கட்கிழமையும் போய்விடும், தேவானை சிரித்தது மட்டும் மிச்சம்.

நான்காம் நாள் மத்தியானம், மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கணேசமூர்த்தி இறங்கினார். சிம்ரா அவருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவர் சைதாப்பேட்டைக்கு வருவது அதுதான் முதல் தடவை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயடிக் குடங்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி வந்தார். தேவானை உள்ளே தரையில் சாக்கை விரித்து மறுநாள் வியாபாரத்துக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“துரை, நீதான் என் மானத்தைக் காப்பாத்தணும்” என்று ஆரம்பித்தார். “நீதான் கண்டுபிடிச்சேன்னு எழுதிடு. நான் இதுல கையே வைக்கலைன்னு அழுத்தமா எழுதணும். எட்டிக்கூடப் பார்க்கலைன்னு எழுதினாலும் சரி.”

“மேடைல அப்டி சொல்லலியே சார்.”

“மேடை வேற, பேப்பர் வேற. மேடைல பேசறதையெல்லாம் யாராவது கணக்குல எடுத்துப்பாளா?”

“எட்த்துக்கினாங்க சார்” என்றார் துரைராஜ். அவர் யாரையும் பார்க்கவில்லை. கீரைக் கட்டைத்தான் பார்த்தார். பிறகு சொன்னார், “எழ்தித் தரேன். நீங்களும் அந்த லெட்டர்ல கையெய்த்து போட்ருங்க. ஆனா மொதல்ல அவளாண்ட சொல்லுங்க சார்.”

“எவளாண்ட?”

“என் வூட்டுக்காரியாண்ட. யாரு கண்டுகினதுன்னு.”

கணேசமூர்த்தி தேவானையைப் பார்த்தார். எத்தனையோ சபையில் பேசியவர். கேட்க ஒரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அது... உங்க வீட்டுக்காரர்தாம்மா கண்டுபிடிச்சார். நான் இல்லை.”

தேவானை கட்டுவதை நிறுத்தினாள். “நீலமா ஒன்னு கண்டீங்கன்னு சொன்னீங்களே சார், மைக்ல?”

“நான் பார்க்கலை. அவர் கொண்டுவந்து காட்டினார். தூக்கிப் போடுன்னு சொன்னேன். அவர்தான் எடுத்து வெச்சிருந்தார்.”

துரைராஜ் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

சிம்ரா அனுப்பிய கடித வாசகத்தையும் திருத்தி எழுதவேண்டிய விண்ணப்பத்தையும் கணேசமூர்த்தி கூடவே அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். கவிழ்த்து வைத்த கீரைக் கூடையின்மேல் காகிதத்தை வைத்து, இந்தக் கனிமத்தைக் கண்டதில் எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்பதன் கீழே, அரசிதழில் மாற்றிய புது எழுத்துகளோடு, கொட்டையாகக் கையெழுத்திட்டார். போட்டதும் முகத்தில் பழைய களை திரும்பியது. வேலை முடிந்தது, பெயர் பிழைத்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தேவானை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒன்னு கேக்கலாமா? தப்பா நென்ச்சிக்காதீங்க. கண்டுகினது இவரு. நீங்க தூக்கிப் போட சொன்னீங்க. அப்ப அதுக்கு உங்க பேரு எதுக்கு சார்?”

“அது... அது ஒரு மரியாதைம்மா.”

“யாரு குட்த்த மரியாத?”

கணேசமூர்த்தி கைக்குட்டையை மறுபடி எடுத்தார். உதவிக்கு துரைராஜைப் பார்த்தார். துரைராஜ் விண்ணப்பத்தை மடியில் விரித்து அதே கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்க் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. உங்கள் வார்த்தையில் எழுதவும். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்துக்கொண்டு, சாருக்காக ஏதாவது ஒரு வரி வருமா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தார். நல்லது ஒன்றாவது இருக்கும் என்று முப்பத்தோரு வருஷத்தையும் துழாவினார். காபி கொடுத்தது ஞாபகம் வந்தது. அதையும் எதற்காகக் கொடுத்தார் என்பது கூடவே ஞாபகம் வந்தது.

“ஒன்னும் வர்ல சார்” என்றார்.

“என்ன வரலை?”

துரைராஜ் பேனாவை மேல் கட்டத்துக்கு நகர்த்தினார். பெயர் என்ற கட்டத்தில் கணேசமூர்த்தைட் என்று அச்சடித்திருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்தார். கல் தேய்க்கிற கை, கோடு நடுக்கமில்லாமல் போயிற்று.

“அந்தக் கல்லு எங்க கெட்ச்சிது?” என்று தேவானை கேட்டாள்.

“மாம்பலத்தாண்ட. சொரங்கத்துல.”

“அப்ப அத்தியே வெய்யேன்யா. அங்கதான பொறந்துது.”

மாம்பலைட் என்று எழுதினார். காரணக் கட்டத்தில், அது கிடைத்த ஊர் என்று எழுதினார். இரண்டும் கூட்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கணேசமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மயிலாப்பூர்க்காரர், கடைசியில் மாம்பலத்திடம் தோற்கிறோமே என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லை. அவர் கண் கூடைமேல் கிடந்த காகிதத்தில் இருந்தது. பெயரும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை; கண்டுபிடிப்பில் தனக்குப் பங்கில்லை என்று புதுக் கையெழுத்தில் தானே எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும் உண்டு.

“சரி துரை, உன் இஷ்டம். பேரே இல்லேங்கறப்போ அந்த லெட்டர் எதுக்கு? அதைத் திருப்பிக் குடு.”

துரைராஜ் கடிதத்தை எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்து மடித்து உறைக்குள் போட்டார்.

“அது நெசம்தான சார்” என்றார். “கெடக்கட்டும்.”